எலும்பு மஜ்ஜைக் கொழுப்பும் பரம்பரையும்: விவரம் அறிந்தோர் உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 64 வயதாகும் என் அம்மாவுக்குச் சென்ற மாதம் எடுத்த டெக்சா ஸ்கேனில் (எலும்பின் அடர்த்தியை அளப்பது) எலும்புப்புரை நோய், அதாவது எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் நிலை, இருப்பது தெரியவந்தது. பாட்டிக்கும் ஏறக்குறைய இதே வயதில்தான் இடுப்பெலும்பு முறிந்தது என்பதால், இது பரம்பரையாக வருவதோ என்ற கவலையில் படிக்கத் தொடங்கினேன்.

எலும்பு மஜ்ஜையிலுள்ள ஒரு வகை மூல உயிரணு, எலும்பை உருவாக்கும் உயிரணுவாகவோ கொழுப்பு உயிரணுவாகவோ மாறக்கூடியது என்றும், ரன்எக்ஸ்2 மரபணு அதனை முதல் வழிக்கும், பிபிஏஆர் காமா மரபணு இரண்டாம் வழிக்கும் திருப்புகின்றன என்றும் அறிந்தேன்; கொழுப்பின் பக்கம் திரும்பினால் எலும்பு உருவாவது குறையும் அல்லவா? அம்மா சர்க்கரை நோய்க்காகப் பல ஆண்டுகளாக உட்கொள்ளும் பயோகிளிட்டசோன் மாத்திரை அதே பிபிஏஆர் காமாவைத்தான் தூண்டுகிறது என்பதும், பெண்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பை அது கூட்டுகிறது என்பதும் தெரிந்தபோது மிகவும் கலங்கிப்போனேன். (மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த மாட்டோம்.) அம்மா மெலிந்த உடல்வாகு கொண்டவர், ஆனால் கடும் பட்டினியால் மெலிந்தவர்களுக்கும் மஜ்ஜைக் கொழுப்பு கூடுகிறது என்பதால், அம்மா மெலிந்திருப்பதை வைத்து ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை.

எலும்பின் அடர்த்தியோடு தொடர்புடைய எல்ஆர்பி5 போன்ற மரபணுக்களைப் பரிசோதிப்பது இந்த வயதில் சிகிச்சையை மாற்றுமா, அல்லது இளம் வயதிலேயே எலும்பு முறிபவர்களுக்கு மட்டும்தான் பயன்படுமா? மஜ்ஜைக் கொழுப்பை எம்ஆர்ஐ மூலம் அளந்து பார்த்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? 38 வயதாகும் நான் இப்போதே டெக்சா எடுத்துக்கொள்ள வேண்டுமா? மருத்துவர்களும் மரபியல் பயின்றவர்களும் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன்.