கயிறு பாதியில் நிற்கிறது, 1500 மீட்டரில் 50 விநாடி அதிகம்: நாலு மாதத்தில் சரியாகுமா?

ஓடுபாதை:
இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராகிறேன். உயரம் 172 செ.மீ., எடை 78 கிலோ. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கணும், எனக்கு 7.50 ஆகுது. முதல் 300 மீட்டர் 68 விநாடி, அடுத்த மூணு 400 மீட்டர் சுற்றும் 120, 138, 144. கயிறு தினமும் ஏறிப் பழகுறேன். 2.5 மீட்டருக்கு மேல கை விட்டுடுது. இப்போ முழங்கையோட உள்பக்க எலும்புகிட்ட வலி, குவளையைத் தூக்கினாக்கூடத் தெரியுது. "இந்த உடம்புக்கு கயிறு ஏறாது, வேற வேலையைப் பாரு"ன்னு வீட்டிலயும் மைதானத்திலயும் சொல்றாங்க. தேர்வுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கலாம். எதை மாத்தணும், எதை நிறுத்தணும்?

சுற்றுக்கணக்கு:
தம்பி, சுற்று நேரத்தைக் குறித்து வைத்திருப்பது நல்லது, கோளாறு அதிலேயே தெரிகிறது. 7 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 28 விநாடி. அதாவது முதல் 300 மீட்டருக்கு 84, பிறகு சுற்றுக்கு 112. நீங்கள் முதல் 300-ஐ 68-இல் ஓடி 16 விநாடி மிச்சம் பிடிக்கிறீர்கள். அடுத்த மூன்று சுற்றில் 66 விநாடியைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். உடம்பில் ஓட்டம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. விசில் அடித்ததும் கூட்டத்தோடு பாய்வதால் முதல் சுற்றிலேயே கால் கனத்துப்போகிறது.

பயிற்சியில் 6.40-ஐ இலக்காக வையுங்கள்: 300 மீட்டர் 80, பிறகு சுற்றுக்கு 107. தேர்வு நாளில் நெரிசலும் வெயிலும் பதற்றமும் பத்துப் பதினைந்து விநாடியைத் தின்றுவிடும்.

வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டர் நான்கு முறை, ஒவ்வொன்றும் 110 விநாடியில், நடுவில் 2 நிமிடம் நடை. நான்காவதும் 110-க்குள் வந்தால் அடுத்த வாரம் ஐந்து. முதல் சுற்றை 95-இல் ஓடிக் காட்டுவதில் பயனில்லை, 108-க்கும் 112-க்கும் நடுவே நிற்கப் பழகுவதுதான் வேலை. இன்னும் இரண்டு நாள் 30 முதல் 40 நிமிடம் மெதுவோட்டம், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். இந்த மெதுவோட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், மூன்றாவது சுற்றில் மூச்சு நிற்பது அதனால்தான். முழு 1500-ஐ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் நேரம் பாருங்கள். தினமும் பார்த்தால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், மனசுதான் கெடும்.

நார்க்கயிறு:
கயிறு பற்றி. 2.5 மீட்டரில் நிற்பவர்களில் பாதிப்பேருக்குக் கை பலம் குறை இல்லை, காலை உபயோகிக்கத் தெரியவில்லை. கையை மடக்கி உடம்பை இழுக்கிறார்கள், கால் சும்மா கயிற்றைத் தேடுகிறது. இரண்டு மூன்று இழுப்பில் முன்கை கல்லாகிவிடும், பிடி விடும்.

கால் பூட்டு இப்படி: கயிறு வலது காலின் வெளிப்பக்கமாக இறங்கட்டும். இடது பாதத்தால் அதை வலது உள்ளங்காலுக்கு அடியில் வாரி எடுத்து மேலே தூக்குங்கள். கயிறு இப்போது இடது பாதத்தின் மேற்புறத்தில் கிடக்கும். வலது உள்ளங்காலை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே கயிறு நசுங்கினால் கையை லேசாக்கினாலும் வழுக்காது. முதலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து இருபது முறை பூட்டுங்கள். பிறகு பார்க்காமல். கால் தானாகப் போய்ப் பூட்டும்வரை மேலே ஏற வேண்டாம்.

ஏறும் வரிசையும் முக்கியம். கை நீட்டிப் பிடி, முழங்காலை நெஞ்சுவரை தூக்கு, பூட்டு, காலை ஊன்றி எழுந்து நில். எழுந்த பிறகுதான் கையை மேலே மாற்றணும். முழங்காலை இடுப்புவரைதான் தூக்கினால் ஒரு பூட்டுக்கு ஒரு சாண் கிடைக்கும், நெஞ்சுவரை வந்தால் 50 செ.மீ. வரும். பூட்டுகளின் எண்ணிக்கை பாதியாகும்போது பிடியும் தாங்கும். கயிறு நெஞ்சை உரசியபடி இருக்கணும், உடம்பு பின்னால் சாய்ந்தால் எடை முழுக்க விரலுக்குப் போகும்.

இறங்கும்போது சறுக்காதீர்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தால் பத்து நாள் வீண். கை மாற்றி மாற்றி இறங்குங்கள், கீழே மணல் அல்லது மெத்தை இருக்கணும்.

தேர்வில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார் (மதிப்பெண்ணுக்கான தரம்), 6-க்கு ரெண்டு ஸ்டார். 6-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இந்த ஆண்டு அறிவிப்பு வந்ததும் விதிமுறைகளை வரி விடாமல் படியுங்கள், மைதானத்துப் பேச்சை நம்பாதீர்கள்.

ஓடுபாதை:
நன்றிண்ணா. முழங்கை வலிக்கு மூணு வாரம் முழு ஓய்வு எடுக்கணுமா? எடையையும் குறைக்கணும்னு சொல்றாங்க, சோறே வேணாம்னு ஒருத்தர் சொல்றார்.

தசைநாண்:
முழு ஓய்வு எடுத்தால் வலி போகும், கயிற்றைத் தொட்ட முதல் நாளே திரும்பி வரும். தசை சில வாரத்தில் தேறிவிடும், எலும்போடு அதை இணைக்கும் தசைநாண் தேற மாதக்கணக்காகும். தினமும் கயிறு ஏறியதில் நாணுக்குத் தாங்க முடியாத பாரம் விழுந்திருக்கிறது. இரண்டு வாரம் ஏறுவதை நிறுத்தி, உட்கார்ந்து பூட்டும் பயிற்சி மட்டும் செய்யுங்கள். கூடவே, முன்கையை மேசைமேல் உள்ளங்கை மேலே தெரிய வைத்து, 2 கிலோ எடையை மற்ற கையின் உதவியோடு தூக்கி, வலிக்கிற கையால் மட்டும் 4 விநாடியில் இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலை பழைய அளவுக்கு அடங்கியிருக்கணும். அடங்காவிட்டால் எடையைக் குறையுங்கள்.

பிறகு வாரம் இரண்டே நாள் கயிறு, இடையில் 72 மணி நேரம். மற்ற ஒரு நாள் பார் கம்பியில் குதித்து ஏறி 5 விநாடியில் இறங்குவது, மும்மூன்றாக ஐந்து சுற்று. சுண்டுவிரல் மரத்துப்போனாலோ பிடி திடீரெனத் தளர்ந்தாலோ எலும்பு மருத்துவரிடம் போங்கள், அது நரம்பு சம்பந்தப்பட்டது.

சோற்றை நிறுத்தவே வேண்டாம், நிறுத்தினால் 400 மீட்டர் ஓட்டமே ஓடாது. ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டி, டீயில் சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம், இவற்றைக் குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ இறங்கும். அதற்குமேல் வேகம் வேண்டாம். புரதம் நாளைக்கு 110 முதல் 120 கிராம்: ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் சோயா உருண்டையில் 25, 100 கிராம் உலர் கொண்டைக்கடலையில் கிட்டத்தட்ட 20. தயிரும் பருப்பும் மீனும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். "ஒரு ஊசி போட்டா மாதத்தில் ஏறிடலாம்" என்று யாராவது வந்தால் விலகிப் போங்கள். ஸ்டீராய்டில் தசை பலம் முந்திக்கொள்ளும், ஏற்கெனவே நொந்த நாண் அந்தப் பாரத்தில் அறுந்துபோகலாம்.

நார்க்கயிறு:
"ஏறாது" என்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அவர்கள் எதிரில் ஏறிக் காட்டவும் வேண்டாம். வீம்புக்கு ஏறுகிற அன்றைக்குத்தான் முழங்கை போகிறது. கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு துணித்துண்டு கட்டி, வெள்ளிக்கிழமைதோறும் எந்த முடிச்சுவரை கை போனது என்று நோட்டில் எழுதுங்கள். ஏறத் தொடங்கிய நாலாவது வாரம் 3.5 வந்தால் 5 மீட்டர் எட்டக்கூடியதே. 3-ஐயே தாண்டவில்லை என்றால் பூட்டைப் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்து இங்கே போடுங்கள், முழங்கால் எவ்வளவு உயருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.