நிறுத்திய பிறகும் லினக்ஸ் கணினியின் மின்விசிறி ஓய்வதில்லை – உதவி தேவை

கருந்திரை:
வணக்கம். கணினியை நிறுத்தினால் திரையில் சில வரிகள் ஓடி நின்றுவிடுகின்றன; ஆனால் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது, முகப்பு விளக்கும் அணைவதில்லை. ஒவ்வொரு முறையும் பவர் பொத்தானை நெடுநேரம் அழுத்தித்தான் அணைக்கிறேன். இப்படியே செய்தால் கோப்புகள் பாழாகிவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது. அவசரம், உதவுங்கள்.

இரவுப்பறவை:
எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), எந்தப் பதிப்பு, மேசைக்கணினியா மடிக்கணினியா? அந்தச் 'சில வரிகளில்' கடைசி வரி என்ன?

தாழ்வாரம்:
இது ஏசிபிஐ, அதாவது மின்சக்தியை நிர்வகிக்கும் இடைமுகத்தின் கோளாறேதான். எஸ்5 நிலைக்கு (முழுதாக அணைந்த நிலை) போகுமாறு கெர்னல் (இயங்குதளத்தின் கரு) ஏசிபிஐ வழியாகத்தான் வன்பொருளுக்குச் சொல்கிறது. தாய்ப்பலகையின் பயாஸ் (அதிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) அதைச் சரியாகச் செய்யாவிட்டால் எல்லாம் மூடிய பிறகும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள்.

நீலக்கம்பி:
என் அனுபவத்தில் குற்றவாளி யுஎஸ்பிதான். கெர்னல் அளவுருவில் எக்ஸ்எச்சிஐ (யுஎஸ்பி கட்டுப்படுத்தி) குவிர்க்ஸ் மதிப்பை 270336 என்று கொடுத்துப் பாருங்கள்.

இரவுப்பறவை:
அணைந்த கணினி தானாகவே மீண்டும் எழுந்துவிடும் கோளாறுக்குத்தான் அந்த எண்ணைப் பரிந்துரைப்பார்கள். இவருடைய கணினி அணையவே இல்லையே.

பழைய முனையம்:
கடைசி வரியைக்கூட எழுதாமல் அவசரம் என்கிறவருக்கு, இரண்டு பேர் இரண்டு மருந்து எழுதிக் கொடுத்தாயிற்று. கெர்னல் கடைசியாகச் சொல்லும் ஒற்றை வரியில் பாதி விடை இருக்கிறது. 'பவர் டவுன்' என்று காட்டிவிட்டு நின்றால் வன்பொருளையோ பயாஸையோ சந்தேகிக்கலாம். ஏதோ ஒரு சேவை (பின்னணியில் ஓடும் நிரல்) நிற்க மறுத்து 90 விநாடிகள் காக்க வைப்பது வேறு கதை. இதைக் கவனிக்கும் பொறுமை இல்லாதவர்கள் லினக்ஸுக்கு ஏன் வருகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

கருந்திரை:
மன்னிக்கவும். டெபியன் 12, மேசைக்கணினி. கடைசி வரி 'ரீபூட்: சிஸ்டம் ஹால்டட்'. பழைய கணினியில் டெபியன் 7 இருந்தபோது இதே ஸ்கிரிப்ட் சிக்கலின்றி அணைத்தது.

இரவுப்பறவை:
ஸ்கிரிப்டா? அதில் எந்தக் கட்டளை இருக்கிறது? மெனுவில் 'ஷட் டவுன்' கொடுத்தால் அணைகிறதா?

கருந்திரை:
விசைப்பலகைக் குறுக்குவழியில் இணைத்திருக்கிறேன். அதில் 'ஹால்ட்' என்ற ஒரே வரிதான். மெனு வழியாக இதுவரை முயன்றதில்லை.

இரவுப்பறவை:
அப்படியானால் கோளாறே இல்லை. நீங்கள் கேட்டதைக் கணினி அப்படியே செய்கிறது. சிஸ்டம்டியில் (கணினியைத் தொடங்கி நிறுத்தும் நிரல்) 'ஹால்ட்' என்பது இயங்குதளத்தை நிறுத்திவிட்டு மின்சாரத்தை அப்படியே விட்டுவிடும். மின்சாரத்தையும் துண்டிக்க 'பவர்ஆஃப்' என்று எழுத வேண்டும். டெபியன் 7இல் அந்த வேலைக்கு இயல்பாக இருந்தது சிஸ்வி இனிட் என்ற பழைய நிரல். அங்கே 'ஹால்ட்' கொடுத்தாலும், அமைப்புக் கோப்பில் இருந்த இயல்பு மதிப்பின்படி கணினி அணைந்துவிடும். 2015இல் வந்த டெபியன் 8 முதல் சிஸ்டம்டி இயல்பானது.

தாழ்வாரம்:
இத்தனை ஆண்டுப் பழக்கத்தை மாற்றியது சிஸ்டம்டி செய்த அநியாயம்.

பழைய முனையம்:
அநியாயம் அன்று. ஹால்ட் என்றால் நிறுத்து என்றுதான் பொருள், அணை என்று பொருளில்லை. மின்சாரத்தையும் துண்டித்துக்கொண்டிருந்த பழைய அமைப்புதான் சொல்லை வளைத்தது.

நீலக்கம்பி:
அப்படியென்றால் அதே சிஸ்டம்டியில் 'ஷட் டவுன்' கட்டளைக்குச் சிறிய எச் (-h) சேர்த்தால் அணைகிறது, பெரிய எச் (-H) சேர்த்தால் வெறுமனே நிற்கிறது. இதில் எந்தப் பொருள் காப்பாற்றப்பட்டது?

இரவுப்பறவை:
அந்த வழக்கை வேறு இழையில் நடத்துங்கள். கருந்திரை, கோப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த வரி தோன்றுவதற்கு முன்பே தகவல்கள் வட்டில் எழுதப்பட்டு, கோப்பு முறைமைகள் இணைப்பு நீக்கப்பட்டோ படிக்க மட்டுமே என மாற்றப்பட்டோ இருக்கும். ஆகவே அதன் பிறகு பொத்தானை அழுத்தியதால் எதுவும் பாழாகியிருக்காது. இயங்கிக்கொண்டிருக்கும்போது அழுத்துவதுதான் தவறு.

கருந்திரை:
ஸ்கிரிப்டில் அந்த ஒரு சொல்லை மாற்றினேன். விளக்கு அணைந்துவிட்டது. நன்றி.