கலைச்சொல்: ‘மீள் வினையூக்கி’யா, ‘மீட்கத்தகு வினையூக்கி’யா?

அன்புடையீர்,

வினை முடிந்தபின் பிரித்தெடுக்கக்கூடிய வினையூக்கிக்கு (recoverable catalyst) ‘மீள் வினையூக்கி’ சுருக்கமான சொல்தான். ஆனால் வேதியியலில் ‘மீள்’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. முன்னும் பின்னும் நிகழும் வினையை மீள்வினை என்கிறோம். மாணவர் இதையும் ‘மீள்வினை ஊக்கி’ என்றே பிரித்துப் படிப்பார். தவிர, மீள்தல் தன்வினை. ஊக்கி தானாக மீள்வதில்லை, நாம்தான் மீட்கிறோம்.

எப்படி மீட்கிறோம் என்று பார்த்தால் சொல் தெளிவாகும். ஃபெர்ரஸ், ஃபெர்ரிக் எனும் இருவகை இரும்பு உப்புகளை 1:2 மோல் விகிதத்தில் கரைத்து, நைட்ரஜன் சூழலில் அம்மோனியா சேர்த்தால், 10 நானோமீட்டர் அளவில் கரிய மேக்னடைட்டு (காந்தம் ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு) துகள் வீழ்படியும். காற்றுப் பட்டால் கருமை பழுப்பாகும், காந்த ஈர்ப்பும் குறையும். துகள்மேல் சிலிக்கா உறை, உறைமேல் அமினோ சிலேன், அதன் அமைன் முனையில் வினையை ஊக்கும் உலோகமான பல்லேடியம். வினை முடிந்ததும் நியோடிமியம் காந்தத்தைக் குடுவையின் வெளிச்சுவரில் ஒட்டிப் பிடித்தால், கலங்கல் முழுதும் அந்தப் பக்கம் கரும்பட்டையாக ஒதுங்கும். தெளிந்த நீர்மத்தைச் சாய்த்து ஊற்றிவிடலாம். இதற்கு வடிதாள் உதவாது: நானோத்துகள் துளை வழியே போய்விடும், இல்லையேல் துளையை அடைத்துவிடும். காந்தத்தை விலக்கினால், இந்த அளவுத் துகளில் காந்தத்தன்மை எஞ்சாது. குலுக்கினால் மறுபடி கலந்துவிடும்.

ஆகவே பொதுச்சொல்லாக ‘மீட்கத்தகு வினையூக்கி’. காந்தத்தால் மீட்பதைக் ‘காந்தமீட்பு வினையூக்கி’ எனலாம்.

---

ஐயா,

‘மீட்கத்தகு’ பொருந்துகிறது. ‘மீட்பூக்கி’ எனச் சுருக்கலாமா என்றும் பார்த்தேன். வினையை ஊக்குவது வினையூக்கி என்றால், மீட்பூக்கி மீட்பை ஊக்குவதாகிவிடும், வேண்டாம்.

ஆனால் ‘மறுபயன் வினையூக்கி’யை (மறுபடி பயன்படுத்தத்தக்கது) இதற்கு மாற்றுச்சொல்லாக எழுதக்கூடாது. காந்தம் இழுப்பது இரும்பு ஆக்சைடை, பல்லேடியத்தை அல்ல. எடை குறையாமல் மீட்ட துகளிலிருந்தும் பல்லேடியம் கரைந்து போயிருக்கலாம், அல்லது திரண்டு பெருத்து மேற்பரப்பை இழந்திருக்கலாம். ஒவ்வொரு சுற்றையும் முழுதாக ஓடவிட்டு விளைச்சலை ஒப்பிட்டால் இது தெரியாது. பாதி வீரியம் இழந்த ஊக்கியும் போதிய நேரம் கொடுத்தால் 95 சதவீதம் காட்டும். தொடக்க வேகத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

பல்லேடியம் கரைகிறதா என்று அறிய, வினை பாதியில் இருக்கும்போது, சூடு தணியுமுன் துகளைப் பிரித்துவிட்டு நீர்மத்தை மட்டும் தொடர்ந்து சூடாக்குங்கள். வினை தொடர்ந்தால் கரைந்த பல்லேடியமே வேலை செய்கிறது. ஆறவிட்டுப் பிரித்தால் அது திரும்பத் தாங்கியில் (பல்லேடியத்தைச் சுமக்கும் துகளில்) படிந்து, சோதனை பொய்யாகும்.

இந்தக் கரைவுக்கும் (leaching) ஒரு சொல் வேண்டும். ‘வேதிக்கழுவுதல்’ தாதுவிலிருந்து உலோகத்தை நாம் வேண்டுமென்றே பிரிப்பது. ‘கசிவு’ என்றால் குழாய் நினைவுக்கு வரும். ‘கரைந்தகலல்’ என்பது என் முன்மொழிவு. ‘பல்லேடியம் கரைந்தகன்றது’ என வினைமுற்றாகவும் தடையின்றி வருகிறது.