புதுப்பிப்பு: பழைய கணினி பிழைத்துக்கொண்டது

மின்சாரம் போய் வந்ததிலிருந்து ஸ்டார்ட் மெனுவே திறக்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேனே, அந்த விண்டோஸ் 10 கணினி இப்போது ஓடுகிறது.

கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளைத் தேடிச் சரிசெய்யும் எஸ்எஃப்சி (SFC) ஸ்கேன், சில கோப்புகளைச் சரிசெய்ய முடியாது என்று கைவிரித்ததும், அதையே மூன்று தடவை ஓட்டியது என் தப்பு. அது மாற்றுக் கோப்பு எடுக்கும் கிடங்கே கெட்டிருந்தால் எத்தனை தடவை ஓட்டி என்ன? முதலில் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் (DISM) என்ற பழுதுபார்க்கும் கட்டளையில் ரெஸ்டோர்ஹெல்த் (RestoreHealth) என்று கொடுத்துக் கிடங்கைச் சரிசெய்ய வேண்டுமாம். அதை ஓட்டினால், 62.3 சதவீதத்தில் அரை மணி நேரம் அசையவே இல்லை. மூடிவிடத் துடித்த கையை அடக்கிக்கொண்டு காபி போடப் போனேன். வந்து பார்த்தால் 100! அப்புறம் எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டினேன், சரியாகிவிட்டது.

ஆனால் வன்தட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளை, தட்டில் சில கெட்ட செக்டர்களை, அதாவது பழுதான பகுதிகளைக் காட்டுகிறது. படங்களையெல்லாம் வேறு வன்தட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன்.