கிணறு உப்புக் கரிக்கிறது

செல்வி அத்தை: கடற்கரை வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கிறது. சோப்பு நுரைக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை எல்லாரும் வருகிறீர்கள். குடிக்க என்ன செய்வது?

மூர்த்தி சித்தப்பா: கவலைப்படாதே அக்கா. ஒரு மிதவை வந்திருக்கிறதாம். கடலில் கட்டிவிட்டால் அலையே குடிநீர் எடுத்துத் தருமாம், கரண்ட் வேண்டாம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிவிடலாம்.

பாபு: சூரிய அடுப்பு மாதிரியா சித்தப்பா 😀

மூர்த்தி சித்தப்பா: அதை ஏன் இப்போது இழுக்கிறாய்

கதிர்: பாபு, இது புரளி இல்லை. மிதவை ஏறி இறங்கும்போது அதோடு சேர்த்துக் கட்டிய பம்பு ஓடும். அந்த அழுத்தத்திலேயே கடல்நீரை, உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளலாம், நடுவில் மின்சாரமே தேவையில்லை. ஆனால் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பிரிக்க 55 முதல் 70 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பதே 2 பார் சொச்சம்தான். அலையும் ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது. கேரளாவில் விழிஞ்ஞத்தில் 1991-லேயே அலை மின்நிலையம் வைத்தார்கள், பின்னால் அதைக்கொண்டு குடிநீரும் எடுத்தார்கள். இப்போது அது ஓடவில்லை. கடல் அடிக்கிற அடிக்கு இரும்பும் கான்கிரீட்டும் தாங்க வேண்டுமே. என்றைக்காவது இது கைகூடும் என்று நம்புகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஆகாது.

ரேவதி: 🙏

செல்வி அத்தை: நான் கேட்டது கிணறு

கதிர்: அதற்குத்தான் வருகிறேன் அத்தை. கிணற்றில் கடல் அளவு உப்பு இருக்காது, குறைந்த அழுத்தமே போதும். முதலில் டிடிஎஸ் பாருங்கள், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு. லிட்டருக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல் போனால் வீட்டு ஆர்ஓ, அந்தச் சவ்வு வைத்த சுத்திகரிப்பான், திணறும். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நிறைய இறைத்து மேலே நல்ல தண்ணீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடியில் உப்பு 40 மீட்டர் வரை ஏறிவரும்.

ரேவதி: அப்படியானால் அந்தப் புது மோட்டார்...

மூர்த்தி சித்தப்பா: அப்பா அன்றே வேண்டாம் என்றார்

சுந்தரம் பெரியப்பா: தோட்டத்துக்காகப் போட்டேன். எனக்காக இல்லை.

செல்வி அத்தை: அண்ணா, அது இப்போது வேண்டாம்

பாபு: யார் காரில் இடம் இருக்கிறது? நாங்கள் 2 பேர்

ரேவதி: என்னோடு வா. 5 மணிக்குக் கிளம்பிவிடுவேன்

சுந்தரம் பெரியப்பா: மோட்டாரை 2 நாள் நிறுத்துகிறேன். அப்புறம் பார்க்கலாம்.

கதிர்: 2 நாளில் உப்பு இறங்காது பெரியப்பா. நல்ல மழை பெய்து ஊற வேண்டும்.

செல்வி அத்தை: டிடிஎஸ் பார்க்கிற மீட்டர் யாரிடம்?

பாபு: சித்தப்பாவிடம் இருந்ததே

மூர்த்தி சித்தப்பா: தேடுகிறேன். மிதவையை விட்டுவிடாதீர்கள்.

ரேவதி: தண்ணீர் கேன் நான் கொண்டுவருகிறேன். எத்தனை பேர்?

செல்வி அத்தை: 14. அண்ணன் வந்தால் 15.