பிளாக், இன்ஸ்டா வச்சு பிஆர் (மக்கள் தொடர்பு) வேலைக்குப் போக முடியுமா?

நாகர்கோவில் மாணவி:
பி.காம். முடிச்சாச்சு. பிஆர் வேலைக்கு எல்லாரும் அனுபவம் கேக்காங்க. பிளாக்ல என்ன எழுதிக் காட்டணும்?

தக்கலைக்காரன்:
பயணக் கட்டுரை வேண்டாம் தங்கச்சி. 2023-ல புவிசார் குறியீடு வாங்கிய மார்த்தாண்டம் தேனை எடுங்க. 300 சொல்லுக்குள்ள ஒரு செய்திக்குறிப்பு. யார், என்ன, எங்கே, எப்போது எல்லாம் முதல் பத்தியிலேயே வரணும். மேலே 'மாதிரி'ன்னு கட்டாயம் போடுங்க, இல்லைன்னா உண்மைச் செய்தியாப் பரவிடும்.

முன்னாள் நிருபர்:
பத்திரிகைக்கு அனுப்பும்போது பிடிஎஃப்பா அனுப்பவே கூடாது. யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துருல இருந்தா காப்பி பண்ணும்போது குழம்பிடும். திரும்ப அடிக்க யாருக்கும் நேரமில்லை. யூனிகோடுல, மெயிலுக்குள்ளேயே ஒட்டுங்க. வாட்ஸ்ஆப்ல படம்னா டாக்குமெண்டா அனுப்பணும், இல்லைன்னா அச்சுக்கு ஆகாது.

நாகர்கோவில் மாணவி:
கடைக்காரங்க காசு தந்தா ரீல் போடலாமா?

தக்கலைக்காரன்:
போடலாம். 'விளம்பரம்'னு தெளிவாத் தெரியணும். ஏஎஸ்சிஐ-யின் (இந்திய விளம்பரத் தர மன்றம்) 2021 வழிகாட்டுதல்படி இலவசப் பொருளுக்கும் இதேதான்.