பாலியல் குற்றவாளிகளுக்கு மூளைச் சோதனை தேவையா?

பாம்பன்காரி: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு, கவனம், தன்னடக்கம் போன்றவற்றை அளக்கும் மூளைச் செயல்பாட்டுச் சோதனை செய்ய வேண்டும் என்று தொண்டித் தம்பி எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. நீர் வற்றும் நேரம் பார்த்து நாங்கள் பாசி எடுக்கக் கடலில் இறங்கிவிடுவோம், பிள்ளைகள் கரையிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். எந்த வீட்டில் எப்போது ஆளில்லை என்று கணக்குப் பார்த்து, மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பழகி, மாதக்கணக்கில் காத்திருப்பவனுக்கு மூளையில் என்ன கோளாறு? நன்றாகத்தானே வேலை செய்கிறது!

தொண்டி மாணவன்: அக்கா, திட்டம் போடுவது வேறு, தன்னை அடக்கிக்கொள்வது வேறு. ஸ்ட்ரூப் என்று ஒரு சோதனை. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சடித்துக் காட்டுவார்கள். சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். வாயில் தானாக வரும் 'சிவப்பு' என்பதை நிறுத்தி 'நீலம்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகிறது, எத்தனை முறை தவறுகிறது என்று குறிப்பார்கள். 2014இல் ஜோயால் என்ற ஆய்வாளரின் குழுவினர், மூளைச் செயல்பாட்டை இப்படிப் பல சோதனைகளால் அளந்த ஆய்வுகளிலிருந்து 1,756 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தைகளிடம் குற்றம் செய்தவர்கள், பெரியவர்களிடம் செய்தவர்களைவிட உயர்நிலைச் சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கியே இருந்தார்கள்.

ஏர்வாடி பாய்: அதே ஆய்வின் மீதியையும் சொல்லுங்கள் தம்பி. பெரியவர்களிடம் குற்றம் செய்தவர்கள் பாலியல் அல்லாத குற்றம் செய்தவர்களைப் போலத்தான் மதிப்பெண் வாங்கினார்கள். அப்படியானால் இது பாலியல் குற்றத்தின் அடையாளமா, குடியும் தலையடியும் அரைகுறைப் படிப்புமாகச் சிறைக்கு வந்து சேர்கிறவர்களின் அடையாளமா? பிடிபடாதவன் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லையே. இன்னொன்று, 2001 ஆகஸ்டில் எங்கள் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிக்கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். 'மூளைக் கோளாறுதான் இவனை இப்படிச் செய்யவைத்தது' என்று நீங்கள் எழுதினால், ஒரு தப்பும் செய்யாத நோயாளியைத்தான் ஊர் முதலில் முறைத்துப் பார்க்கும்.

பாம்பன்காரி: பாய் சொல்வது சரி. அதோடு, இந்த அறிக்கையைக் காட்டியே வக்கீல் அவனை வெளியே கொண்டுவந்துவிடுவார்.

தொண்டி மாணவன்: முடியாது அக்கா. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84) கேட்பது, தான் செய்வது என்ன, அது தவறா என்று தெரியாத அளவுக்குப் புத்தி கெட்டிருந்ததா என்பதை மட்டும்தான். அடக்க முடியவில்லை என்பது அங்கே எடுபடாது. ஒரு உதாரணம் சொல்கிறேன்: அமெரிக்காவில் வர்ஜீனியாவில் 40 வயது ஆசிரியர் ஒருவர், 2003இல் மருத்துவ இதழில் வந்த கேஸ். கண்ணுக்கு மேலே இருக்கும் மூளைப் பகுதியில் கட்டி வளர்ந்திருந்த காலத்தில், மனைவியின் மகளிடமே தப்பாக நடந்தார். கட்டியை எடுத்ததும் அந்த இச்சை போனது, மறுபடி வளர்ந்ததும் திரும்பி வந்தது. அவருக்கே தான் செய்வது தவறு என்று தெரிந்திருந்தது. நம் சட்டப்படி அவருக்கும் விடுதலை கிடைக்காது. இது அபூர்வமான கேஸ், அதை வைத்து எல்லாரையும் எடை போடக் கூடாது, அதில் நான் பாய் பக்கம்தான்.

பாம்பன்காரி: அப்புறம் எதற்குத்தான் சோதனை?

தொண்டி மாணவன்: தண்டனை முடிந்து என்றோ ஒரு நாள் பலர் வெளியே வருவார்கள். இப்படிப்பட்டவர்களுக்குத் தரும் சிகிச்சை பெரும்பாலும் பேச்சும் எழுத்தும்தான். சொல்வளமும் கவனமும் குறைந்தவன் அதில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு அப்படியே வருவான். எதில் பலவீனம் என்று தெரிந்தால் சின்னச் சின்னப் படியாக, திரும்பத் திரும்பச் செய்யவைத்துச் சொல்லித்தரலாம்.

ஏர்வாடி பாய்: அதற்கு மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தீர்ப்பு வந்த பிறகு, அவன் சம்மதத்தோடு.

பாம்பன்காரி: தண்டனையில் ஒரு நாளும் குறையாது என்றால் செய்துகொள்ளுங்கள். ஆனால் அவன் ஊருக்குத் திரும்பும் தேதி அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இவ்வளவு எழுதினீர்களே தம்பி, அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா?